அழகேசன் சார் விழுந்ததே இல்லை

அழகேசன் சார் விழ மாட்டார். உட்காருவார். கட்டிலை விட்டு எழுந்து இரண்டடி வைத்ததும் கண் இருட்டி, பீரோவில் தோள் இடித்து, தரையில் மல்லாந்து கிடந்தாலும் அதற்குப் பெயர் உட்கார்ந்தது. எழுபத்திரண்டு வயதில் இப்படி அடிக்கடி உட்காருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலை என் தலைக்கு மேல் 'தொம்'மென்று ஒரு சத்தம். கூடத்து மின்விசிறி ஆடிப்போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவர் மாடிப்படியில் இறங்கி வந்தார். முழங்கையில் சிராய்ப்பு பச்சையாக இருந்தது.

"சத்தம் கேட்டுதே சார், விழுந்துட்டீங்களா?" என்றேன்.

"இன்னா செல்வம், உளர்றே? விழறதுக்கு நான் இன்னா கைக்கொயந்தையா? கட்டிலாண்ட உக்காந்தேன். அவ்ளோதான்."

எண்பத்து நான்கு கிலோ உட்கார்ந்திருக்கிறது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் கடமை, கேட்டாயிற்று, சொல்லாதது அவர் பாடு என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

எங்கள் கட்டிடம் அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. மொத்தம் நான்கு வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த நான்கு பேர் சேர்ந்து மனை வாங்கிக் கட்டியது. யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்குக் கீழ்வீடு விழுந்தது, நேர் மேல்வீடு அழகேசன் சாருக்கு. கம்பெனியிலும் அவர் என் தலைக்கு மேல், வீட்டிலும் தலைக்கு மேல். என் ஜாதகம் அப்படி. என் மனைவி போய் ஆறு வருஷமாகிறது. தனியாக இருக்கிறவனுக்கு மேல்வீட்டுச் சத்தம்தான் துணை.

நான் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். இருபத்தெட்டு வருஷம் அந்த இரைச்சலில் நின்று காது பாதி போய்விட்டது. மெல்லப் பேசினால் சரியாகக் கேட்காது. ஆனால் அதிர்வு கேட்கும். அடிப்பது முப்பது டன் மெஷினா ஐம்பது டன் மெஷினா என்று கேன்டீனில் உட்கார்ந்தே சொல்லிவிடுவேன். அதனால் மேல்வீட்டில் விழுவது அழகேசன் சாரா, அவர் மனைவி நாற்பத்தெட்டு கிலோ ஜெகதாம்மாவா என்று எனக்கு யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை.

அழகேசன் சார் எங்கள் கம்பெனியின் சேஃப்டி சூப்பர்வைசர். கழுத்தில் விசில், தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் அட்டை. நான் இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கையில் ஸ்பேனர் பிடித்து நான் பார்த்ததில்லை. அவருடைய வேலை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில்தான். 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே எண்ணை மாட்ட மூன்று கொக்கி இருக்கும். தினமும் காலை எட்டு மணிக்கு வந்து ஒரு எண்ணைக் கழற்றி அடுத்த எண்ணை மாட்டுவார். கோயில் குருக்கள் தோற்றுப்போவார், அத்தனை பயபக்தி.

அந்த எண் ஏறிக்கொண்டே போனதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்றால்தான் அது விபத்து. வந்துவிட்டால் விபத்து இல்லை. ஆகவே அழகேசன் சார் மறுநாள் காலை கம்பெனி வேனை வீட்டு வாசலுக்கே அனுப்புவார். கட்டுப் போட்ட கையோடு, தையல் போட்ட தலையோடு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து டைம் ஆபீஸில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆள் வந்தாயிற்று, பலகை பிழைத்தது.

நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன்தான். தொண்ணூற்று ஒன்பதில் ஏணியிலிருந்து விழுந்தேன். ஏணிக்கு அடியில் ரப்பர் இல்லை என்று அதற்கு ஒரு வாரம் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். குதிகால் எலும்பு விரிந்துவிட்டது. பதினெட்டு நாள், காலை அட்டைப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு டைம் ஆபீஸில் கிடந்தேன். நடுவில் பலகை நானூறைத் தொட்டது. எல்லோருக்கும் ஆளுக்கொரு லட்டும் எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். ரிஜிஸ்டரில் அவர் எழுதியதை டைம் ஆபீஸ் ஆள் எனக்குக் காட்டினான்: 'செல்வகுமார், ஃபிட்டர். ஏணியிலிருந்து இறங்கும்போது தனது கவனக்குறைவால் உட்கார்ந்தார்.'

பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் அந்தக் குதிகால் என்னைத் தூங்கவிடாது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வாய் மட்டும் 'வாங்க சார்' என்று சொல்லும். முப்பது வருஷப் பழக்கம், நாக்கு மாறமாட்டேன் என்கிறது.

பொங்கலுக்குப் பிறகு மாசி முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை உட்கார்ந்தார். எப்போதும் படுத்து எழுந்த கையோடு, அல்லது குனிந்து நிமிர்ந்த கையோடு. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, சிறுநீர் அடைப்புக்கு ராத்திரி ஒன்று சாப்பிடுகிறார் என்பது கட்டிடத்துக்கே தெரியும். மாத்திரை ஆரம்பித்தபிறகுதான் இந்தக் கூத்து. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படுக்கவைத்து, நிற்கவைத்து, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்திருப்பார். டாக்டர் கேட்கத்தான் செய்தார். "எங்கயாவது விழுந்தீங்களா, தலை சுத்துதா?" என்று கேட்டபோது, இவர் நெஞ்சை நிமிர்த்தி, "பூஜ்யம்" என்றாராம். இதை என்னிடம் பெருமையாக வேறு சொன்னார். ஒரு டாக்டரை ஏமாற்றிவிட்டு வந்து பீற்றிக்கொள்கிற ஆளை என்னவென்று சொல்வது?

பங்குனியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான்காவது சத்தம். இந்த முறை ஒரு சத்தம் இல்லை, சேர்ந்தாற்போல் இரண்டு. பெரியது ஒன்று, அதற்கு அடியில் சின்னது ஒன்று. பிறகு ஜெகதாம்மாவின் அலறல்.

நான் ஓடினேன். ஆம், அன்றைக்கு ஓடினேன். வாசல் கதவருகில் பால் பாக்கெட் கிடந்தது. ஜெகதாம்மா சுவரில் சாய்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது. அழகேசன் சார் அதற்குள் எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஈரத்துல கால வெச்சிட்டா செல்வம். எத்தினி தபா சொல்றது? பாத்து நடக்கறதில்ல."

நான் தரையைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பால் பாக்கெட்கூட உடையவில்லை. குனிந்து பாக்கெட்டை எடுத்து நிமிர்ந்தவர் தலைசுற்றிச் சாய்ந்திருக்கிறார். சாய்கிறபோது கைக்கு அகப்பட்டது மனைவியின் கை. அவளையும் இழுத்துக்கொண்டு அவள் மேலேயே விழுந்திருக்கிறார். ஜெகதாம்மா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். சேர்க்கிற இடத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'எப்படி அடிபட்டது' என்று ஒரு கட்டம். அழகேசன் சார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: 'தனது கவனக்குறைவால்.' எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. வைக்கவில்லை. அவருடைய கண்ணாடிக் கூட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் நினைத்து நினைத்துச் சிரிக்க முடிந்தது. விழுகிறவர் ஒருவர், வைத்தியம் இன்னொருவருக்கு.

அவர்கள் மகன் ரோஹித் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறான். அவனுடைய பாசம் அட்டைப்பெட்டியில்தான் வரும். அம்மா விழுந்துவிட்டாள் என்றதும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. வழுக்காத செருப்பு, குளியலறைக்கு ரப்பர் விரிப்பு, கைத்தடி, ராத்திரி தானாக எரியும் விளக்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பெங்களூரில் மணி அடிக்குமாம். தாலியோடு சேர்த்து அதையும் மாட்டிக்கொண்டு திரிந்தாள் பாவம். "இன்னொரு தடவை நீ விழுந்தேன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும்" என்று மகன் தினமும் போனில் மிரட்டினான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருப்பான். அப்பா பூஜ்யமென்று சொல்லியிருப்பார்.

குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி பதிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். டிரில்லை எடுத்துக்கொண்டு போனேன். "அவளுக்கு எட்டுற ஒயரத்துல போடு செல்வம்" என்று அழகேசன் சார் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தார். ஜெகதாம்மா ஐந்தடிக்கும் குறைவு. அந்த உயரத்தில் போட்டால் இவர் பிடிக்க வேண்டுமானால் கூன் போட வேண்டும். தெரிந்தேதான் போட்டேன். நாலு ஸ்குரூ, நல்ல பிடி, யானை தொங்கினாலும் வராது. வேலை சுத்தம். உயரம்தான் தப்பான ஆளுக்கு.

அது போதாதென்று அழகேசன் சார் குளியலறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். பிளாஸ்டிக் உறை போட்ட தாள். 'ஈரம் கண்டால் நில். இரு பக்கம் பார். பிறகு செல்.' கீழே, 'இப்படிக்கு, பாதுகாப்புப் பிரிவு.' வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவர் பிரிவு.

கட்டுப் பிரித்ததும் கனிமொழி என்று ஒரு பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பிசியோதெரபி படித்தவள், திருமுல்லைவாயிலில் வயதானவர்களுக்கு வகுப்பு நடத்துகிறாள். முப்பது வயதுகூட இருக்காது. கையைச் சரிசெய்ய வந்தவள், 'விழுந்தவங்க மறுபடி விழுவாங்க, அதுக்கும் பயிற்சி வேணும்' என்று சொல்லி முழுப் பாடத்தையும் ஆரம்பித்துவிட்டாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழ வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். ஒரு பாதத்தின் விரலை இன்னொரு குதிகால் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகுதான் நிற்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடத்தை யாருக்குச் சொல்லவேண்டுமோ அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முழங்காலு, முழங்காலு, நேரா வெய்யி" என்று மனைவியை அதட்டிக்கொண்டிருந்தார். விசில் மட்டும்தான் இல்லை.

"நீங்களும் பண்ணுங்க சார். இந்த வயசுல எல்லாருக்கும் வேணும்" என்றாள் கனிமொழி.

"எனக்கு எதுக்கும்மா? முப்பத்திரண்டு வருஷம் சேஃப்டி பாத்தவன் நானு."

"இந்த ஒரு வருஷத்துல எங்கயாவது விழுந்திருக்கீங்களா?"

"பூஜ்யம்."

"ஒரு காலை தூக்கிட்டு பத்து வினாடி நில்லுங்க பாக்கலாம்."

"முட்டி வலி கீதும்மா. இல்லன்னா ஒரு மணி நேரம் நிப்பேன்."

நான் அன்று தளர்ந்துபோன கம்பி மூடியை முறுக்க மேலே போயிருந்தேன். ஸ்குரூ டிரைவரோடு குளியலறைக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே வந்து, 'அந்த அம்மா விழவில்லை, இந்த மனிதர்தான் விழுகிறார்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. பலகையை மாட்டியவரே கழற்றட்டும் என்றிருந்தேன். அவர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் நன்றாக விழ வேண்டும், மறைக்க முடியாத மாதிரி விழ வேண்டும், அதைப் பார்க்க நான் இருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆசை இருந்தது.

அன்று கிளம்பும்போது ஜெகதாம்மா ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்மா, பக்கத்துல இருக்கறவங்க விழுந்தா நாம என்னா பண்றது?"

கனிமொழி பையை மாட்டிக்கொண்டே, "பிடிக்கப் போகாதீங்கம்மா. உங்க எடைக்கு அவங்களத் தாங்க முடியாது, நீங்களும் சேர்ந்து விழுவீங்க. கைய விட்டுட்டு ஒதுங்கிடுங்க. அப்புறம் அடிபட்டிருக்கான்னு பாருங்க. கை கால் நல்லா அசைஞ்சா ஒரு நாற்காலிய கிட்ட போட்டு, அவங்களாவே எழுந்திருக்க வழி சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஜெகதாம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். அழகேசன் சார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் வீட்டில் சொல்லிக்கொடுத்தபிறகு செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரச் சொன்னாள். ஜெகதாம்மா ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள். ஆளே மாறிவிட்டாள். மாடிப்படியைக் கம்பியைத் தொடாமல் இறங்கினாள். கொடியில் துணி காயப்போடும்போது ஒற்றைக்காலில் நிற்பாள், நான் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் அந்தத் தெருவிலேயே விழ வாய்ப்பில்லாத ஒரே மனுஷி அவள்தான்.

அவர் தன் பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டிருந்தார். சித்திரை கடைசியில் ஐந்தாவது. ஆடி வெள்ளியில் ஆறாவது. ஜெகதாம்மா கோயிலில் கூழ் ஊற்றப் போயிருந்தாள். சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம், கொஞ்சம் நின்று, மறுபடி கொஞ்சம். ஊர்ந்து கட்டிலுக்குப் போகிறார் என்று புரிந்தது. நான் டீ போட்டுக் குடித்தேன். சாயங்காலம் அவரே இறங்கி வந்து, "மழ வரும்போல கீதே செல்வம்" என்றார். நெற்றியில் புடைத்திருந்தது. ஆவணியில் ஏழாவது. புரட்டாசியில் எட்டாவது. அது ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவி விழாமல் நடக்கக் கற்றுக்கொள்ளும் வகுப்புக்குப் போயிருந்த நேரம். அன்றைக்கு இழுபடுகிற சத்தம் வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஐப்பசியில் ஒன்பதாவது.

காலை பதினொரு மணி. சத்தம் கேட்டது, மின்விசிறி ஆடியது. வழக்கமாக ஜெகதாம்மா 'ஐயோ' என்பாள், பிறகு இரண்டு பேரும் தரையில் தட்டுத்தடுமாறுகிற சத்தம், கட்டில் கிறீச்சிடுகிற சத்தம். இந்த முறை எதுவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் என் போன் அடித்தது.

"அண்ணா, கொஞ்சம் மேல வாங்க" என்றாள் ஜெகதாம்மா. குரலில் பதற்றமே இல்லை.

ஆண்டவனே, நேரம் வந்துவிட்டது என்று குதிகால் வலியை மறந்து படியேறினேன்.

படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில், கைலியும் பனியனுமாக அழகேசன் சார் தரையில் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. எதிரில் இன்னொரு நாற்காலியில் ஜெகதாம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில்.

"வா செல்வம். ஒரு கை குடு" என்றார் அவர்.

"தூக்காதீங்கண்ணா" என்றாள் ஜெகதாம்மா. "நான் பாத்துட்டேன். கை கால் எல்லாம் நல்லா அசையுது. தலையில அடி இல்ல. என் கையப் புடிக்க வந்தாரு, நான் ஒதுங்கிட்டேன்."

"ஒதுங்கிட்டாளாம்! கட்ன புருசன் விழ சொல்லோ ஒதுங்கிட்டாளாம்!" என்று கத்தினார். கத்தியபிறகுதான் வாயில் என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு லட்டு தின்ற மாதிரி இருந்தது.

ஜெகதாம்மா போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் அவர் காதருகில் வைத்தாள். "கனிமொழி இருக்குது. நீங்களே சொல்லுங்க. சொன்னீங்கன்னா எப்படி எழுந்திருக்கறதுன்னு நான் சொல்றேன். சொல்லலன்னா அப்படியே இருங்க. எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"அம்மா? என்னாச்சு, மறுபடி விழுந்துட்டீங்களா?" என்றது போன்.

அழகேசன் சார் கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டு கிடந்தார். "நான் அழகேசன் பேசறேம்மா. இங்க... கீழ உக்காந்துகினு கீறேன்" என்றார். ஜெகதாம்மா அசையவில்லை. கனிமொழியும் பேசாமல் இருந்தாள். கெட்டிக்காரப் பெண்.

"விழுந்துட்டேம்மா" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்க நான் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தேன். வந்தபோது அது ஒரு கிழவனின் சின்னக் குரலில் வந்தது. எனக்கு அதில் எதிர்பார்த்த ருசி இல்லை, ஆனாலும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனிமொழி எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாத்ரூம் போக எழுந்தபோது என்றார். மாத்திரைகளின் பெயரைச் சொல்லச் சொன்னாள். ஜெகதாம்மா பெட்டியை எடுத்து வாசித்தாள். "இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. படுக்க வெச்சு ஒரு தடவ, நிக்க வெச்சு ஒரு தடவ பி.பி. பாக்கணும்னு நான் சீட்டு எழுதி அனுப்பறேன். மாத்திரையில மாத்த வேண்டியிருக்கும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க சார்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்போ பங்குனியில அம்மா கை?" என்று கேட்டாள்.

"நான் விழ சொல்லோ அவ கையப் புட்ச்சேன்" என்றார். "அவ மேல எந்தத் தப்பும் இல்லம்மா."

ஜெகதாம்மா சட்டென்று முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் இன்னும் நெருக்கிப் போட்டு, "சரி, ஒருக்களிச்சு படுங்க. கைய ஊணுங்க. மண்டி போடுங்க. நாற்காலியப் புடிங்க. பலமான கால முன்னால வெய்ங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் சொன்னபடி செய்தார். நாலு மூச்சில் எழுந்து கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். யாரும் கை கொடுக்கவில்லை.

"டாக்டருக்கு எழுதணும் சார், சரியா சொல்லுங்க" என்றாள் கனிமொழி. "இந்த வருஷத்துல மொத்தம் எத்தன தடவ?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெகதாம்மா விரல் விட்டு எண்ணி, "இன்னியோட ஏழும்மா" என்றாள். அழகேசன் சார் தலையைக் குனிந்துகொண்டார். ஏழு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. இத்தனைக்குப் பிறகும் இரண்டை அமுக்கப் பார்க்கிறார். கட்டிய மனைவியிடமே பொய்க்கணக்கு. இந்த மனிதர் திருந்தவே மாட்டார் என்று நினைத்தேன்.

"ஏழு இல்ல, ஒம்போது" என்றேன், போனுக்குக் கேட்கும்படி உரக்க. "கேளுங்க அவர. ஆடி வெள்ளி ஒண்ணு, போன மாசம் செவ்வாக்கெழம ஒண்ணு. நான் எண்ணிக்கினுதான் இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "ஆமா, ஒம்போது" என்றார் மெதுவாக. "சொன்னா நீ கோயிலுக்கும் போக மாட்டே, வகுப்புக்கும் போக மாட்டேன்னுதான் ஜெகதா."

ஜெகதாம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எண்ணிய விரல்கள் இன்னும் மடங்கியபடியே இருந்தன.

"அந்த ரெண்டு நாளும் நான் ஊட்ல இல்ல" என்றாள். "நீங்க கீழதான இருந்தீங்கண்ணா?"

தலையை ஆட்டினேன். ஆட்டாமல் இருக்க முடியவில்லை.

"அந்த ரெண்டு தடவையும் கூட யாராவது இருந்தாங்களா சார்? தூக்கி விட்டாங்களா?" என்று கனிமொழி கேட்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள் ஜெகதாம்மா, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்படியே எழுதிக்கோ."